மலை ஏற முடியாத பிறகு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மலையில் ஒரு நாளின் பெறுமதி தராசில்தான் தெரியும். கேட்ட கிலோ நிறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. இளம் வயதில் கூடை தூக்கிய ஒரு பெண் முப்பது வருடம் இப்படியே தன் நாட்களை எண்ணிப் பழகியிருப்பாள். மார்பில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னதும் உடம்போடு சேர்ந்து அந்தக் கணக்கும் உடைந்துவிடுகிறது. “இனி நான் எதுக்கு? வீட்டுக்குப் பாரம்.” லயத்துக் காம்பராக்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு.

இந்த எண்ணம் அவளாக வளர்த்துக்கொண்டதல்ல. தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த முன்னோரில் எத்தனையோ பேர் வாந்திபேதியால் வழியிலேயே மடிந்தார்கள். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைச் சட்டப் பொறுப்பாக்கிய மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1872இல்தான் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் படுத்தவர் எழுந்து வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அந்த வைத்தியத்தின் கவலையாக இருந்தது. திரும்ப முடியாதவரைப் பற்றி அன்றைய தோட்டத் துரைமார் யோசிக்கவில்லை. நாமும் போதுமான அளவு யோசிக்கவில்லை என்றே சொல்வேன்.

வேலை ஒன்றுதான் வாழ்வின் பொருளா என்று யோசித்த ஒருவர் உண்டு. நாஜி முகாம்களில் தாய், தந்தை, மனைவி மூவரையும் பறிகொடுத்து மீண்ட வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிள், 1946இல் தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். செய்கிற வேலையில் வாழ்வுக்குப் பொருள் கிடைக்கும். நேசிக்கும் மனிதரிடம் கிடைக்கும். தவிர்க்கவே முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதத்திலும் கிடைக்கும் என்பது அவர் கண்டது. நியூயோர்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் வில்லியம் பிரைட்பார்ட் இதை வைத்தே முற்றிய புற்றுநோயாளருக்கான உளவள முறையொன்றை உருவாக்கினார். தோட்டத்து மனிதருக்கோ முதல் வழியைத் தவிர வேறெதையும் யாரும் காட்டியதில்லை.

மற்ற வழிகளும் உண்டு என்பதற்கு ஓர் உதாரணம்: தமிழ்நாட்டின் சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்று இரு சகோதரிகள். சிறுவயதிலேயே இருவருக்கும் தசைச்சிதைவு நோய். நடை போயிற்று, கை தூக்கும் பலமும் மெல்ல மெல்லப் போயிற்று. நோயை நிறுத்த மருந்தில்லை என்பது இருவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் 2009இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தங்களைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குச் சிகிச்சையும் தங்குமிடமும் கிடைக்க உழைத்தார்கள். வானவன் மாதேவி 2017 ஜனவரியில் காலமானார். நோய் அவரை விடவில்லை. அவரும் தன் வேலையை விடவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றில் கவனம் வேண்டும். நோயாளியிடம் போய் “மனசைத் தைரியமா வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு வருவது எளிது. வலியில் துடிப்பவரிடம் வாழ்வின் பொருளைப் பேசுவது கொடுமை. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் அந்திமப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்த சிசிலி சோண்டர்ஸ் முதலில் வலியைத்தான் அடக்கினார். உடம்பின் வலி, மனதின் பயம், குடும்பத்தின் தவிப்பு எல்லாவற்றையும் ஒரே வேதனையாகப் பார்க்கக் கற்றுத்தந்தவர் அவர். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரணப் பணி, பின்னர் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து நோயாளியின் வீட்டுக்கு அனுப்பும் இயக்கமாகக் கேரளம் முழுக்கப் பரவியது.

இங்கோ நம் மலையக மக்களில் பலர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கண்டிக்கோ மகரகமவுக்கோ போக வேண்டியிருக்கிறது. கூடப் போகிறவரின் நாட்சம்பளமும் போகிறது. அங்கே சிங்களம் தெரியாதவர்கள் கையால் காட்டித்தான் வலியைச் சொல்கிறார்கள். எரிச்சலா, குத்தலா, இரவில் அதிகமா என்று தாய்மொழியில் சொல்ல முடியாதவருக்கு மருந்தின் அளவை எப்படிச் சரியாகத் தீர்மானிப்பது?

வலி அடங்கிய பிறகு செய்வதற்கு மலையகத்தில் நிறைய இருக்கிறது. மாசியில் காமன் கூத்துக்கு ரதி, மன்மதன் வேஷம் கட்டும் பையன்களுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லித்தர வாத்தியார் வேண்டும். காம்பரா வாசலில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க, பிசகிய அடியைத் திருத்துகிற மனிதரைப் பாரம் என்று எவர் சொல்லுவார்? ஊரே அவர் வாயைப் பார்த்துக் காத்திருக்கும். மலை ஏற முடியாத அந்தப் பெண்ணுக்கும் தாலாட்டு தெரியும், ஒப்பாரி தெரியும். தாத்தா எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்பதும் தெரியும். பேத்திக்கு இவற்றில் பாதிகூடத் தெரியாது.

தோட்டத்துக் கோயில் கமிட்டிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் லயங்களில் படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று பாருங்கள். வாரம் ஒருமுறையாவது போய் உட்காருங்கள். அனுதாபம் சொல்வதோடு திரும்பிவிடாமல், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்; சம்மதித்தால் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தொழிற்சங்கங்களுக்கும் ஒன்று: டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டி 2017 மே மாதம் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கிருந்து லயங்களுக்கு வந்து வலிநிவாரணம் பார்க்கத் தமிழ் பேசும் தாதியரைக் கேளுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கோரிக்கையும் இருக்கட்டும்.