அகழெலிக்கு வாய் வந்த கதை

மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலிக்கு ஜெர்மன் மொழியில் 'மௌல்வுர்ஃப்' என்று பெயர். 'மௌல்' என்றால் விலங்கின் வாய். 'வுர்ஃப்' என்றால் எறிதல். வாயால் மண்ணை வாரி எறிகிற பிராணி போலிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அகழெலி அப்படிச் செய்வதே இல்லை.

அதன் கருவி முன்னங்கால்கள். வெளிப்பக்கம் திரும்பிய, மண்வெட்டி போல அகன்ற பாதங்கள். ஐந்து விரல் போதாதென்று, கட்டைவிரலை ஒட்டி அரிவாள் வடிவில் ஓர் எலும்பு வளர்ந்து உள்ளங்கையை இன்னும் அகலமாக்குகிறது. சுமார் 100 கிராம் உடம்புதான். ஆனாலும் தோண்டிய மண்ணை மேலே தள்ளிப் புல்வெளியெங்கும் குவித்துவிடும். வாய்க்கு வேறு வேலை. மண்புழுவின் தலைப்பக்கத்தைக் கடித்து, சாகாமலும் நகர முடியாமலும் செய்து, வளைக்குள் சேமித்து வைக்கிறது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மனில் இதன் பெயர் 'மூவெர்ஃப்'. 'மூ' என்றால் குவியல். கண்ணால் பார்த்ததை அப்படியே சொன்ன பெயர். பிறகு 'மூ' வழக்கொழிந்தது. அர்த்தம் புரியாத துண்டு ஒன்று சொல்லுக்குள் கிடந்தால் நாக்கு சும்மா இருக்குமா? மண்ணைக் குறிக்கும் 'மொல்ட்' அந்த இடத்துக்கு வந்தது; பெயர் 'முல்ட்வுர்ஃப்', மண் எறிவது என்றானது. இதுவும் பொருத்தம்தான். காலப்போக்கில் 'மொல்ட்'டும் மறைந்தது. அடுத்து, ஒலியில் நெருங்கியிருந்த 'மூல்' அகப்பட்டது. அதன் பொருள் வாய்! பின்னாளில் ஜெர்மனின் நெடில் 'ஊ', 'ஔ'வாக மாறியபோது, வீட்டைக் குறித்த 'ஹூஸ்' எப்படி 'ஹௌஸ்' ஆனதோ, அப்படியே 'மூல்வுர்ஃப்' 'மௌல்வுர்ஃப்' ஆயிற்று.

புரியாத துண்டைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் இந்தப் போக்குக்கு 1852இல் ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் 'ஃபோல்க்ஸ்எட்டிமொலொகி' என்று பெயரிட்டார். தமிழில் 'மக்கள் சொற்பிறப்பு' எனலாம். இதைப் பாமரப் பிழை என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு இது பழுதுபார்ப்பாகவே படுகிறது.

பழுது இல்லாத இடத்தில் பழுதுபார்ப்பும் நடக்கவில்லை, பாருங்கள். டேனிஷ் மொழியில் அகழெலி இன்றும் 'முல்ட்வார்ப்'தான். அங்கே 'முல்ட்' என்ற சொல் சாகவில்லை. மண் என்றே வழங்குகிறது. ஆங்கிலத்திலும், ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதல் பாகத்தில், அகழெலி 'மோல்ட்வார்ப்' என்றே வருகிறது.

இதைவிடத் துணிச்சலான பழுதுபார்ப்பும் உண்டு. கரீபியத் தீவுகளின் டைனோ மக்கள் தங்கள் வலைத்தூளியை 'ஹமாக்கா' என்றார்கள். ஸ்பானியர் வழியே அது ஐரோப்பாவுக்கு வந்தது. டச்சுக்காரர்கள் அதை 'ஹங்மாட்' ஆக்க, ஜெர்மானியர் 'ஹெங்கெமாட்டெ' என்று எடுத்துக்கொண்டார்கள். பொருள், தொங்கும் பாய். டைனோ சொல்லில் தொங்கலும் இல்லை, பாயும் இல்லை.