எக்சிமாவை புரோபயாட்டிக் தடுக்குமா?

"மூத்தவனுக்கு எக்சிமா. அடுத்த பிள்ளைக்கும் வந்துடுமோ?" இரண்டாவது குழந்தையைச் சுமக்கும் பல அம்மாக்களின் கவலை இது. மருந்துக்கடையில் விற்கும் புரோபயாட்டிக்கை வாங்கிச் சாப்பிடலாமா?

இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 2001-இல் பின்லாந்தின் துர்கு நகர ஆய்வு ஒன்று வெளியானது. அலர்ஜி உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்கு முன்பும், பிறகு 6 மாதம் தாய்க்கோ குழந்தைக்கோ, லாக்டோபாசிலஸ் ஜிஜி என்ற நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். 2 வயதில் அந்தக் குழந்தைகளில் 23 சதவீதம் பேருக்கு எக்சிமா. மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற பிரிவில் 46 சதவீதம். ஆனால் 2008-இல் வெளியான ஜெர்மனி ஆய்வில் அதே பாக்டீரியா பலன் தரவில்லை.

அதனால்தான் உலக அலர்ஜி அமைப்பு 2015-இல் பட்டும் படாமலும் சொன்னது: குடும்பத்தில் அலர்ஜி இருந்தால் கர்ப்பகாலத்திலும் பாலூட்டும்போதும் எடுக்கலாம், ஆனால் ஆதாரம் மிகப் பலவீனம்.

"அம்மம்மா சொல்ற தயிரும் பழஞ்சோறும் போதாதா?" நல்ல சாப்பாடுதான், தாராளமா சாப்பிடுங்க. ஆனால் ஆய்வில் கொடுத்தது குறிப்பிட்ட ஒரு வகை, குறிப்பிட்ட அளவு. அதற்கு இது ஈடாகாது.

ஏற்கெனவே எக்சிமா வந்துவிட்டதா? அதை ஆற்ற புரோபயாட்டிக் பெரிதாக உதவுவதில்லை. தினமும் மாய்ஸ்சரைசர், டாக்டர் எழுதித் தந்த கிரீம், இவைதான் கைகொடுக்கும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம்.