பணியிடப் பயிற்சி வடிவமைப்பில் வல்லமையின் பங்கு: மலாக்காவின் பால்மரச் சீவல் வழி ஒரு நோக்கு

முன்னுரை

பணியிடப் பயிற்சியை வடிவமைக்க வேண்டியவர் யார்? தொழிலில் தேர்ந்த வல்லுநரா, கற்பித்தல் முறையறிந்த கல்வியாளரா? பயிற்சியியலில் நெடுநாளாக எழுந்துவரும் வினா இது. மலேசியாவில் 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் தொழில்திறன் தரநிலைகளுக்கு இடமளிக்கின்றது. தொழிலில் தேர்ந்தவர்கள் குழுவாக அமர்ந்து தங்கள் பணிகளை வரிசைப்படுத்தும் முறையால் இத்தரநிலைகள் உருவாக்கப்படுகின்றன. ஒரு தொழிலைப் பிறரினும் நன்றாக விவரிக்கவல்லவர் அதனைச் செய்பவரே என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்தாகும். இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, மலாக்காத் தமிழர் தலைமுறைகளாகச் செய்துவந்த பால்மரச் சீவலைக் கொண்டு காண்போம்.

நூலறிவும் கையறிவும்

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக முறையிலான ரப்பர்த் தோட்டத்தின் தொடக்கமாக இது கருதப்படுகின்றது. அவரை ஊக்கியவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், முன்பு வெட்டிய விளிம்பையே மெல்லியதாகச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கலாம் எனக் காட்டியவரும் அவரே. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகம் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தியது.

இதன் நுட்பம் நூல்களில் தெளிவாகவே உள்ளது. பால்குழாய்கள் உட்பட்டையில், வளர்திசுவை ஒட்டிச் செறிந்துள்ளன. ஆகவே வளர்திசுவுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்னதாகக் கத்தி நின்றாக வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் வளர்திசு காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். குழாய்கள் சற்றுச் சாய்ந்து செல்வதால், இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சீவினால் கூடுதல் குழாய்கள் திறக்கும். விடியற்காலையில் குழாய்களின் அழுத்தம் மிகுந்திருப்பதால் பாலும் மிகுதியாக வடியும்.

இவ்விதிகளை மனனம் செய்த ஒருவர் மரம் சீவிவிட முடியுமா? முடியாது. அந்த 1 மில்லிமீட்டரை எவரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. பட்டை கத்திக்குத் தரும் எதிர்ப்பு, சீவல் விழும் தன்மை, பால் துளிர்க்கும் விரைவு ஆகியவற்றால் தேர்ந்த கை அதனை உணர்கின்றது. 'எப்படித் தெரிந்தது?' என்று கேட்டால், 'கைக்குத் தெரியும்' என்பதற்குமேல் விளக்குவது அவருக்கே அரிது.

வல்லுநர் சொல்லாமல் விடுவன

இது கல்வியறிவுக் குறைவால் நேர்வதன்று. வல்லமையின் இயல்பே இதுதான். பழகப் பழகச் செயல் தன்னியல்பாகி, சிந்தனையின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. வல்லுநர்கள் கற்பிக்கும்போது, தாம் எடுக்கும் முடிவுகளில் 70 விழுக்காடு வரை சொல்லாமல் விடக்கூடும் என ரிச்சர்ட் கிளார்க் முதலான ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். மருத்துவர், பொறியாளர் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

எனவே, வல்லுநரிடம் பட்டியல் கேட்பதோடு வடிவமைப்பாளரின் பணி முடிந்துவிடாது. அவர் நிரையில் உடன் நடந்து உற்றுநோக்க வேண்டும். புதியவர் தவறும் இடங்களைக் குறிக்க வேண்டும். 'மழைக்குப்பின் பட்டை ஈரமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மரம் பால் வற்றத் தொடங்குவதை எதனால் அறிவீர்கள்?' என்று முடிவெடுக்கும் தருணங்களைக் குறித்து வினவ வேண்டும். வல்லுநர் பொருளைத் தருகின்றார். வடிவமைப்பாளர் அதனைக் கற்கத்தக்க படிகளாக்குகின்றார். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் பயிற்சி நிறைவுபெறாது. புதியவரைத் திருத்திப் பழகிய நல்ல மண்டோர் இவ்விரு திறனையும் ஓரளவு தம்முள் கொண்டிருந்தார் எனலாம்.

முடிவுரை

ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர் நிலம் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் நகரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட்டனர். அவர்களின் பெற்றோர் ஏடுகளில் 'திறன் குறைந்த தொழிலாளர்' என்றே பதிவாயினர். சொல்லப்படாத திறன் இல்லாத திறனாகக் கணக்கிடப்பட்டதே இதற்குக் காரணம் என்பது எமது கருத்து. முறைசார் பயிற்சியின்றிப் பணியனுபவத்தாலேயே திறன் சான்றிதழ் பெறும் வழி இன்று நாட்டில் உள்ளது. எனினும், தம் திறனைச் சான்றுகளுடன் விளக்கவல்லவருக்கே அது பயன்படும்.

இங்குத் தமிழாசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. நிரை, மங்கு, கட்டிப்பால் போன்ற சொற்களோடு, அவற்றைப் புழங்கிய முதியோரின் தொழில் விளக்கங்களையும் மாணவரைக் கொண்டு பதிவுசெய்யலாம். அகராதிக்கு மட்டுமன்றிப் பயிற்சியியலுக்கும் அது மூலச்சான்றாகும். அக்கைகள் ஓயுமுன் இப்பணி தொடங்கப்பட வேண்டும்.