அப்பாவின் ஐடி கார்டு படமும் காலை ஆறரை மணி வெளிச்சமும்! - கவரைப்பேட்டை பிளாட்ஃபாரத்தில் கற்ற போட்டோ பாடங்கள்

"உங்க அப்பா படம் ஒண்ணு பளிச்சுன்னு அனுப்பும்மா. பேனர் அடிக்கணும்."

அப்பாவோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜ் இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு ரோலிங் மில்லில் அப்பாவுக்கு வேலை. அடுத்த மாதம் 58 வயது முடிந்து ஓய்வு பெறுகிறார். வழியனுப்பு விழா பேனருக்குத்தான் படம் கேட்டிருந்தார்கள்.

'இதென்ன பெரிய விஷயம்' என்று போன் கேலரியைத் திறந்தேன். பதினோராயிரம் படங்களுக்கு மேல் கிடந்தன. பிரியாணி இருக்கிறது, தெருநாய் இருக்கிறது, ஒரே செல்ஃபி எட்டு கோணத்தில் இருக்கிறது. அப்பா? ஒரு படத்தில் கல்யாணப் பந்தியில் பாதி முகம். இன்னொன்றில் கண்ணை மூடியிருக்கிறார். மற்றொன்றில் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறார். ஜன்னல் தெரிகிறது, அப்பா கறுப்பு நிழலாகத் தெரிகிறார். முகம் தெளிவாக இருந்த ஒரே படம், அவருடைய கம்பெனி ஐடி கார்டில் இருப்பதுதான். அது 20 வருஷத்துக்கு முன்பு எடுத்தது.

ஜர்னலிசம் டிப்ளமோ முடித்தவள் நான். போட்டோகிராபி பேப்பரில் பாஸ். வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். ஆனாலும், சொந்த அப்பாவை ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன். ஒரு மாதம், ஒரே ஆள், கையில் இருக்கும் இதே போன். அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம் என்று!

மைக் செட் இரைச்சலும் ஐ.எஸ்.ஓ-வும்

முதல் முயற்சி, இரவு எட்டரை மணிக்கு. நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் அப்பாவைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்தேன். முகம் இழுபட்டு, படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வந்தது. போன் மட்டம் என்று நினைத்தேன். தப்பு என்னுடையது.

கேமரா எதுவானாலும் அதன் வேலை ஒன்றுதான்: வெளிச்சத்தை உள்ளே வாங்குவது. அதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் மூன்று. ஒரு ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் எவ்வளவு அகலம் என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் ஸ்பீடு. மூன்றாவது ஐ.எஸ்.ஓ. இதைப் புரிந்துகொள்ளக் கோயில் திருவிழா மைக் செட் போதும். பேசுபவரின் குரல் சன்னமாக இருந்தால் வால்யூமைக் கூட்டுவார்கள். குரல் பெரிதாகும், கூடவே 'கொர்ர்' என்ற இரைச்சலும் பெரிதாகும். ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டினால் படம் பிரகாசமாகும், புள்ளிகளும் கூடும். அதற்கு 'நாய்ஸ்' என்றே பெயர்.

பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. அதனால் இருட்டில் போன் இரண்டே வழிகளில் சமாளிக்கும். ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கும். அப்போது கை ஆடினால் படம் இழுபடும். அல்லது ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டும், புள்ளி விழும். எனக்கு இரண்டும் ஒரே படத்தில் நடந்திருக்கிறது!

மறுநாள் இரவு போனைக் காம்பவுண்டு சுவரின் மேல் அணைத்துவைத்தேன். "ரெண்டு நொடி அசையாம நில்லுப்பா" என்றேன். நைட் மோடு ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். அதனால்தான் கேமராவும் ஆளும் அசையக் கூடாது. மூன்று செகண்ட் டைமர் வைத்தால், பட்டனைத் தொடும்போது ஏற்படும் அதிர்வும் இருக்காது. இந்த முறை முகம் தெரிந்தது. ஆனால், ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்ட கடுகடுப்பும் சேர்ந்தே தெரிந்தது.

ரயில் ஏன் கோடாகிறது?

நைட் ஷிஃப்ட் முடித்து, கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டை. அப்பா தினமும் வருவது அப்படித்தான். காலை ஆறரை மணி வாக்கில் பிளாட்ஃபாரத்தில் போய் நின்றேன்.

"இன்னாம்மா, இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற? ஊட்ல எதுனா பிரச்னையா?" பதறிப்போனார் அப்பா. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் எடுக்கவில்லை. போன் லாக்கில் இருந்தது.

அங்கே கற்ற பாடம் ஷட்டர் ஸ்பீடு. சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். ஷட்டர் ஒரு நொடியில் 30-ல் ஒரு பங்கு (1/30) நேரம் திறந்திருந்தால், அதற்குள் ரயில் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். அதனால் படத்தில் ரயில் வெறும் கோடு. அதையே 1/1000 என்று வைத்தால், ரயில் நகர்வது 2 சென்டிமீட்டர்கூட இல்லை. ஜன்னலோர ஆளின் முகம்கூட நின்றுவிடும்.

உங்கள் போனில் 'புரோ மோடு' இருந்தால் இந்த எண்களை நீங்களே மாற்றலாம். ஓடும் குழந்தை, ஆடும் ஊஞ்சல், கபடி என்றால் 1/500-க்கு மேல் வைத்துப் பாருங்கள். இல்லாதவர்கள் நல்ல வெளிச்சத்துக்கு வந்துவிடுங்கள். வெளிச்சம் தாராளமாக இருந்தால் போன் தானாகவே வேகமான ஷட்டரைத் தேர்ந்தெடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளாட்ஃபாரத்தின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் எல்லாமே. தண்டவாளத்தில் அத்துமீறி இறங்குவது ரயில்வே சட்டம் 147-ம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சட்டத்தை விடுங்கள், உயிரைவிடப் பெரிய படம் எதுவுமில்லை.

இடம் மாறினால் முகம் மாறும்

மூன்றாவது நாள், கிழக்கே சூரியன் எழுந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அப்பாவை நிறுத்தினேன். வானம் பிரமாதம், அப்பா கறுப்பு. கேலரியில் இருந்த அதே ஜன்னல் கதை! வெளிச்சம் ஆளுக்குப் பின்னால் இருந்தால் கேமரா குழம்பிவிடும். பிரகாசமான வானத்தைச் சரியாகக் காட்ட முயன்று, முகத்தை இருட்டாக்கிவிடும்.

வழி இரண்டு. திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். ஃபோகஸ் அங்கே போகும். பக்கத்தில் தெரியும் சூரியன் அடையாளத்தை மேலே இழுத்தால் முகம் வெளுக்கும். இதைவிட எளிது, நாம் இடம் மாறுவது. நான் நான்கடி சுற்றி வந்து, வெளிச்சம் அப்பாவின் கன்னத்தில் பக்கவாட்டில் விழும்படி நின்றேன். அவ்வளவுதான். நெற்றிச் சுருக்கம், நரைத்த மீசை, இரவெல்லாம் விழித்த கண்... ஐடி கார்டில் இல்லாத அப்பா தெரிந்தார்.

சூரியன் உதித்து ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம். இந்த வெளிச்சம் சாய்வாக, மென்மையாக விழும். உச்சி வெயிலில் எடுத்தால் கண் குழியில் நிழல் தேங்கும். மதியம்தான் எடுக்க வேண்டுமென்றால் வாசல் திண்ணை, மர நிழல், ஜன்னலோரம் பக்கம் ஆளைக் கூப்பிடுங்கள். ஃபிளாஷைவிட ஜன்னல் எப்போதும் நல்லது.

தலையில் முளைத்த கம்பம்

வெளிச்சம் சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அப்பாவின் தலையிலிருந்து ஒரு மின்கம்பம் முளைத்திருந்தது! முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னணியைக் கவனிக்கவில்லை. பட்டனைத் தொடுவதற்கு முன் ஃப்ரேமின் நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டி, வெட்டுப்பட்ட கை, யாரோ ஒருவரின் முதுகு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேமரா செட்டிங்கில் 'கிரிட் லைன்' ஆன் செய்தால், திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும். ஆளை நட்டநடுவில் நிறுத்தாமல், கோடுகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவர் பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். குழந்தையை எடுப்பதென்றால் குனிந்து அதன் கண் மட்டத்துக்குப் போங்கள்.

ஜூம் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு சோகக் கதை உண்டு. குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்கப் போனோம். முழு ஜூம் வைத்து எடுத்தேன். கிடைத்தது பஞ்சு மிட்டாய்த் துணுக்குகள். இரண்டு விரல்களால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம், படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. புதிதாக எதையும் பார்ப்பதில்லை. பூநாரைக்குப் பக்கத்தில் போக முடியாது. அப்பாவுக்குப் பக்கத்தில் போகலாம். போனேன்.

பழனி குமார் காட்டிய வழி

சொந்த வீட்டு ஆளை எடுப்பதெல்லாம் போட்டோகிராபியா என்று தோன்றுகிறவர்கள், மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம்.பழனி குமாரின் படங்களைப் பாருங்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணையதளத்தில் இருக்கின்றன. தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவு செய்பவர். திவ்ய பாரதி இயக்கி 2017-ல் வெளியான 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் முதன்முதலாகப் பெற்றவர்.

இவருடைய அம்மா மீன் விற்பவர். விடிவதற்கு முன் மார்க்கெட்டுக்குப் போகும் அந்த அம்மாவையும் பழனி குமார் படமாக்கியிருக்கிறார். வியாசர்பாடி போன்ற இடங்களில் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றும் கொடுத்திருக்கிறார். அவரிடம் கற்றவர்கள் எடுத்த படங்களில் அம்மா, அப்பா செய்யும் வேலையும், சொந்தத் தெருவும் இருக்கின்றன. பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

எங்கள் ஊர் பெயரை நாடே உச்சரித்தது ஒருமுறைதான். 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. தடம்புரண்ட பெட்டிகளின் படங்கள் எல்லா டி.வி-யிலும் ஓடின. அதே ஸ்டேஷனில் தினமும் காலையில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் ஷிஃப்ட் ஆட்களை யாரும் படம் எடுப்பதில்லை. நாமே எடுத்தால்தான் உண்டு.

கேட்டு எடு, எடுத்தால் கொடு

பிளாட்ஃபாரத்தில் என்னைப் பார்த்துவிட்டு, சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசா பையன் ஒருவன் சைகையாலேயே கேட்டான், 'என்னையும் ஒரு படம்?' எடுத்து அங்கேயே அவன் நம்பருக்கு அனுப்பினேன். "மா-வுக்கு" என்றான். அம்மாவுக்கு அனுப்பப் போகிறானாம்.

முன்பின் தெரியாதவர்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். பிறர் வீட்டுக் குழந்தை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைப் படம் எடுக்காதீர்கள். போனை 108 அழைக்கப் பயன்படுத்துங்கள். எடுத்த படத்தைத் தருவதாகச் சொன்னால் தந்துவிடுங்கள்.

ஏழு நாள் பயிற்சி

நாள் 1: லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். பாதிப் படங்கள் மங்கலாக வரக் காரணம் விரல் ரேகைதான்.

நாள் 2: ஒரு தக்காளியை ஜன்னலோரம் வைத்து காலை, மதியம், மாலை என மூன்று வேளை எடுங்கள். வெளிச்சம் மாறுவதைப் பாருங்கள்.

நாள் 3: ஒரே ஆளை வெளிச்சத்துக்கு எதிரே, பக்கவாட்டில், முதுகு காட்டி என நிறுத்தி எடுங்கள்.

நாள் 4: கிரிட் லைன் போட்டு பத்துப் படங்கள். ஜூம் கூடாது, நடந்து போக வேண்டும்.

நாள் 5: ஓடும் ஒன்றை எடுங்கள். சைக்கிள், கோழி எதுவும் சரி.

நாள் 6: முகமே இல்லாமல் ஒருவரைச் சொல்லுங்கள். கை, செருப்பு, டிபன் பாக்ஸ் போதும்.

நாள் 7: எடுத்ததில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழியுங்கள். அதிகம் கற்றுத்தருவது இந்த நாள்தான்.

இது பிடித்துப்போய், அடுத்த கட்டத்துக்குப் போக ஆசையா? கேமரா வாங்க அவசரப்படாதீர்கள். நல்ல படங்களை நிறையப் பாருங்கள். 2016-ல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பினாலே நடக்கும்போது போய்ப் பாருங்கள். 1857-ல் தொடங்கிய மெட்ராஸ் புகைப்படச் சங்கமும் சென்னையில்தான் இருக்கிறது.

பேனருக்குப் போன படம்

கடைசியில் பேனருக்கு அனுப்பியது, பிளாட்ஃபாரத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கும், பெரிதாக அச்சடித்தால் உடைந்து தெரியும் என்பதால் 'டாக்குமென்ட்'டாக அனுப்பினேன்.

வீட்டுக்கு வைத்துக்கொண்டது வேறொன்று. தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ். பின்னால் ரயில் நகர்ந்து கோடாகிக்கொண்டிருக்கிறது. அப்பா மட்டும் அசையாமல் நிற்கிறார். ஷட்டர் ஸ்பீடைத் தெரிந்தே குறைத்து, போனைத் தூணில் அணைத்துப் பிடித்து எடுத்தது. பதினேழாவது முயற்சியில் கிடைத்தது.

அப்பா அதை நெடுநேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "இவ்ளோ நரைச்சிடுச்சா?" என்றார். பிறகு கேலரியைத் தள்ளித் தள்ளி, முன்னும் பின்னும் போய்ப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரிம்மா. இதுல உங்கம்மா படம் எங்க?"

சமையலறை ஜன்னல் கிழக்கு பார்த்தது. நாளைக்குக் காலையில் அங்கே போய் நிற்க வேண்டும்.