வெள்ளை முகமூடி

கருவி பார்த்தது, கண்டுகொண்டது! எதைக் கண்டது? முகத்தையா? இல்லை, முகமூடியை!

அமெரிக்க நாட்டிலே, எம்.ஐ.டி. எனும் புகழ் வாய்ந்த தொழில்நுட்பக் கல்விக்கூடம். ஆண்டு 2015. முகம் அறியும் கணினியின் முன்னே ஆய்வு மாணவி ஒருவர் அமர்கிறார். ஜாய் புவோலம்வினி என்பது பெயர். கானா நாட்டுப் பெற்றோரின் மகள், கருநிறம் கொண்டவர். கணினியின் கண் அவரை நோக்குகிறது. ஆனால் எதிரே ஒரு முகம் இருப்பதாகவே அது ஒப்புக்கொள்ளவில்லை. மாணவி வெள்ளை முகமூடி ஒன்றை எடுத்து அணிகிறார். அடுத்த நொடியே கணினி சொல்கிறது, ‘இதோ முகம்!’ என்று.

உயிருள்ள கருப்பு முகம் தெரியவில்லை. உயிரற்ற வெள்ளை முகமூடி தெரிகிறது! தோழர்களே, இது கதையல்ல, கற்பனையல்ல. செயற்கை நுண்ணறிவு என்று உலகம் இன்று வியந்து பேசுகிறதே, அந்த அறிவின் தொட்டில் வீட்டிலே நடந்த நிகழ்ச்சி.

இரும்புக்கும் கம்பிக்கும் ஏது நிறவெறி என்று கேட்கத் தோன்றும். கருவிக்கு நிறமில்லை, சாதியில்லை, ஆண் பெண் என்ற பேதமில்லை. ஆனால் கருவிக்குக் கற்றுக் கொடுத்தவர் உண்டே! செயற்கை நுண்ணறிவு தானாக முளைத்ததல்ல. இலட்சோப இலட்சம் படங்களையும் எழுத்துகளையும் அதன் முன்னே கொட்டுகிறார்கள். அவற்றிலிருந்து அது பழகிக்கொள்கிறது. கொட்டியது எதுவோ அதுவே அதன் உலகம். கொட்டாதது, அதைப் பொறுத்தவரை, இந்த உலகத்திலேயே இல்லை!

புவோலம்வினி முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழவில்லை, கணக்குக் கேட்டார். டிம்னிட் கெப்ரு என்ற இன்னொரு கருநிறப் பெண் ஆய்வாளரும் சேர்ந்துகொண்டார். மூன்று பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். படத்திலிருப்பவர் ஆணா, பெண்ணா என்று சொல்வதே சோதனை. வெளிர்நிற ஆண்களிடம் கருவியின் பிழை, மிஞ்சிப் போனால் 100க்கு ஒன்றுகூட இல்லை. கருநிறப் பெண்களிடமோ, 100க்கு 34க்கும் மேலே போனது! முகமறியும் கருவிகளைச் சோதிக்க உலகம் நம்பியிருந்த இரு படத்தொகுப்புகளையும் அவர்கள் புரட்டிப் பார்த்தனர். ஒன்றிலே 100க்கு 79 பேருக்கு மேல் வெளிர்நிறத்தவர். மற்றொன்றிலே 86 பேர். நோய் எங்கே இருந்தது என்பது விளங்கிவிட்டதல்லவா?

கேள்வி பிறந்தது, கோட்டை அசைந்தது. சோதிக்கப்பட்ட நிறுவனங்கள் ஓடோடித் தங்கள் கருவிகளைத் திருத்தின. அவற்றுள் ஒன்றான ஐ.பி.எம்., 2020 ஜூன் திங்களில், பொதுப் பயனுக்கான முகமறியும் தொழிலையே விட்டுவிடுவதாக அறிவித்தது. படையும் பணமும் இல்லாத இரு பெண்கள், படிப்பைக் கொண்டு சாதித்தது இது!

நிறத்தோடு நின்றதா? வேலைக்கு விண்ணப்பித்தவர்களைச் சலித்தெடுக்க அமேசான் நிறுவனம் ஒரு கணினி முறையை உருவாக்கிப் பார்த்தது. பழைய விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றிலே பெரும்பகுதி ஆண்களுடையவை. விளைவு? மகளிர் என்ற சொல் விண்ணப்பத்திலே வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது அந்தப் புத்திசாலிக் கருவி! அந்த முறையே கைவிடப்பட்ட செய்தி 2018இல் வெளிவந்தது. மனு செத்துவிட்டான் என்று யார் சொன்னது? மறுபிறவி எடுத்து மின்சாரத்திலே குடியேறப் பார்க்கிறான்!

அமெரிக்காவில் நடந்தது நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழரே, உமது வீட்டுக்கே வருகிறோம்.

சென்ற வாரம் தேநீர்க் கடையில் நண்பர் ஒருவரைச் சந்தித்தோம். கொடி பிடித்தவர், சிறை சென்றவர், ஆலைத் தொழிலாளி. பிள்ளைகள் நலமா என்றோம். “பையனைக் கணினி வகுப்பில் சேர்த்திருக்கிறேன், பெண்ணைத் தையல் வகுப்பில் சேர்த்திருக்கிறேன்” என்றார் பெருமையோடு. ‘மகள் கணக்கிலே கெட்டிக்காரி ஆயிற்றே?’ என்று கேட்டோம். “ஆமாம், ஆனால் பெண்பிள்ளை கையிலே செல்போனும் கணினியும் எதற்கு? காலம் கெட்டுக் கிடக்கிறது” என்றார்.

மேடையிலே பெண்ணுரிமை, மனையிலே மனுநீதி! நண்பரைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை! 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 100க்கு 57 பேர், பெண்கள் 33 பேர்தான். கருவிக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்திலும் இதே கதைதான். செயற்கை நுண்ணறிவுத் துறையில் பணிபுரிவோரில் பெண்கள் 100க்கு 22 பேர் என்று உலகப் பொருளாதார மன்றத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று.

பெண்ணுக்குக் கணினி வருமா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகுக்குக் காட்டப்பட்டது எனியாக் என்னும் மாபெரும் மின்னணுக் கணினி. அதற்குக் கணக்கிடும் வழிமுறைகளை வகுத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள்! ஆனால் வெற்றி விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. அறிவு வேண்டும், அறிவுடையாள் வேண்டாம்! எங்கோ கேட்ட பேச்சாக இருக்கிறதல்லவா?

வயிற்றுப்பாட்டையும் பார்ப்போம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 43 பேர் தமிழ்நாட்டிலே இருந்தனர் என்பது 2019-20ஆம் ஆண்டின் கணக்கு. நமக்குப் பெருமைதான். ஆனால் தைக்கவும், பொருத்தவும், பிரித்து வைக்கவும் கற்றுக்கொண்ட இயந்திரம் வந்தால், முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது யார்? அந்த இயந்திரத்தை இயக்கவும், பழுது பார்க்கவும், திருத்தவும் தெரிந்தவளுக்கு வேலை உண்டு. தெரியாதவளுக்கு? படத்திலிருப்பது மாடா, மரமா என்று நாளெல்லாம் குறித்துக் கொடுத்துக் கருவியைப் பழக்கும் கூலி வேலை நம் சிற்றூர்களுக்கும் வந்திருக்கிறது. அதைக் குறைவாகப் பேச நமக்கு மனமில்லை, அதுவும் உழைப்பே. ஆனால் அது கட்டடத்துக்குக் கல் சுமக்கும் வேலை. வரைபடம் போடுபவள் நம் மகளாக வேண்டாமா?

புதுக்கோட்டைக் கல்லூரியில் ஒரு பெண் அடியெடுத்து வைத்தபோது எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பெண்தான் 1912இல் மருத்துவரான முத்துலட்சுமி. 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவர்! 1921இல் நீதிக்கட்சி ஆட்சியிலே பெண்ணுக்கு வாக்குரிமை வந்தது. 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று முழங்கினார் பெரியார். அந்த முழக்கம் தமிழ்நாட்டிலே சட்டமானது 1989இல், கலைஞர் ஆட்சியில். இடையிலே ஓடியவை அறுபது ஆண்டுகள்! அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் பிறந்தது.

அறுபது ஆண்டுகள் அன்று பொறுத்தோம். இன்று பொறுத்தால் போயிற்று! இந்தக் கருவி நாளுக்கு நாள் கற்கிறது. நடுவண் பள்ளிக் கல்வி வாரியம் 2019லேயே ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக வைத்துவிட்டது. அண்டை மாநிலமாம் கேரளம், 2024இல் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே அதைச் சேர்த்தது. நம் குடிசை வீட்டுப் பெண் மட்டும் வாயிலில் நிற்பதா?

தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பெண், இரவு பத்து மணிக்குப் புரியாத கணக்கைத் தமிழிலேயே கேட்கலாம். கருவி படிப்படியாகச் சொல்லும். தவறாகவும் சொல்லும்; தவறையே தயக்கமின்றிச் சொல்லும்! ஆகவே ஏன், எதற்கு, எப்படி என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வேண்டும். பகுத்தறிவு இயக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லியா தர வேண்டும்?

படத்தைத் திரித்துப் பெண்ணின் மானத்தைப் பறிக்கும் கயவர்கள் இருக்கிறார்களே என்ற தந்தையின் அச்சம் நியாயமானது. ஆனால் ஆற்றிலே சுழல் உண்டு என்று மகளுக்கு நீச்சலை மறுப்பதா? சுழலைச் சொல்லி நீச்சலைக் கற்பிப்பதா? அறியாதவளே முதலில் ஏமாறுகிறாள். அறிந்தவள் படத்தைக் காக்கிறாள். கயவனைக் காவல் நிலையத்தில் நிறுத்துகிறாள்.

தோழர்களே! ஓர் ஏட்டை ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்டு வளர்ந்தது நம் இயக்கம். படிப்பகங்களே நம் பல்கலைக்கழகங்கள்! அந்தப் படிப்பகங்களில் இன்று ஒரு கணினி வையுங்கள். மாலையிலே இரண்டு மணி நேரம் பெண்களுக்கென்றே ஒதுக்குங்கள். கற்றறிந்த மகளிரை அழைத்துப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். அதற்கும் முன்னே, இன்று இரவே, மகன் கையிலிருக்கும் செல்போனை ஒரு மணி நேரம் மகள் கையிலே கொடுங்கள்.

நண்பரிடமும் இதைத்தான் சொன்னோம். தேநீர் ஆறியது, அவர் பேசவில்லை. எழுந்து செல்லும்போது, “கணக்கு நன்றாகத்தான் போடுவாள்” என்றார் மெல்லிய குரலில். அது போதும் நமக்கு!

நாளை ஒரு கருவியின் முன்னே அந்தப் பெண் அமர்வாள். முகமூடி அணிந்தல்ல, தன் முகத்தோடு, தன் நிறத்தோடு, தன் தமிழோடு! அவளைக் காண அந்தக் கருவி மறுக்காது. ஏனெனில், அதற்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்தவளே அவளாக இருப்பாள்!