பிரசவ வலியைக் குறைக்கும் இயற்கை வழிகள்

முதல் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்க நெருங்க, "வலியை என்னால் தாங்க முடியுமா?" என்ற பயம் வருவது இயல்பு. "நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுகிறோம். ஆனால் மர்யம் (அலை) அவர்கள் பட்ட பிரசவ வேதனையைத் திருக்குர்ஆன் மறைக்கவில்லை. பேரீச்ச மரத்தடியில் கலங்கியிருந்த அவர்களுக்கு முதலில் கிடைத்தது ஆறுதல். பிறகு நீரும் பழமும் (19:23-26). வலியில் இருப்பவளுக்கு நாம் தர வேண்டியதும் இவைதான்.

துணைக்கு ஒருவர்

பிரசவ அறையில் பெண்ணுக்குப் பிடித்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016-இலேயே அறிவித்தது. திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, முண்டியம்பாக்கமோ, தனியார் மருத்துவமனையோ, எங்கே பார்ப்பதாக இருந்தாலும் மாதாந்திரப் பரிசோதனையின்போதே இதைக் கேட்டு வையுங்கள். பிள்ளை பெற்ற அனுபவமும் நிதானமும் உள்ளவரை அனுப்புங்கள். பயமுறுத்தும் கதை சொல்பவர் வேண்டாம்.

நடை, மூச்சு, தொடுதல்

வலி தொடங்கியதும் மல்லாந்து படுத்தே இருக்க வேண்டாம். அப்படிப் படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். மருத்துவர் தடுக்காதவரை மெல்ல நடக்கலாம், உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். ஸஜ்தாவில் இருப்பதுபோல் முழங்காலிட்டு முன்னால் சாய்ந்தால் பலருக்கு இடுப்பு வலி குறையும். நிமிர்ந்தும் நடந்தும் இருப்பவர்களுக்குப் பிரசவத்தின் முதல் கட்டம் சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

வலி ஏறும்போது மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக மூச்சை விடுங்கள். அந்த மூச்சோடு திக்ரும் சேர்ந்தால் மனம் அமைதியடையும். துணைக்கு இருப்பவர் உள்ளங்கையால் அடி முதுகை அழுத்தித் தேய்த்துவிடலாம். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை இடுப்பில் வைக்கலாம்.

செவிலியர் அனுமதித்தால் இளநீர், கஞ்சி, பேரீச்சம்பழம் தரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து உடல் தளர்ந்துவிடும். வயிற்றை மேலிருந்து அமுக்கவும் கூடாது. சூட்டு வலியா, உண்மை வலியா என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். விட்டுவிட்டு வரும் வலி, இடைவெளி குறைந்து கூடிக்கொண்டே போனால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியுடன் கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள்.

இயற்கை என்பது வீட்டுப் பிரசவம் அல்ல

2018-இல் திருப்பூரில் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே நடந்த பிரசவத்தில், இரத்தப்போக்கால் ஒரு தாய் இறந்தார். குழந்தை பிறந்தபின் வரும் இரத்தப்போக்கை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. மேலே சொன்ன வழிகள் எல்லாமே மருத்துவமனையில் செய்யக்கூடியவை. அவை போதாமல் வலி நிவாரண ஊசி கேட்பதும், அறுவை சிகிச்சை தேவைப்படுவதும் ஒரு பெண்ணின் குறையல்ல. அவளுக்காக துஆ செய்யுங்கள், அருகிலும் இருங்கள்.