பதினேழாவது நகர்வு

1956ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று நியூயார்க் நகரின் மார்ஷல் சதுரங்கக் கழகத்தில் இருவர் எதிரெதிரே அமர்ந்தனர். வெள்ளைக் காய்களை ஆடிய டொனால்ட் பைர்ன் 26 வயதினர். 1953இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றவர். கறுப்புக் காய்களை ஆடிய பாபி ஃபிஷருக்கு வயது 13. அவ்வாண்டுதான் அமெரிக்க இளையோர் பட்டத்தைப் பெற்றிருந்தார்.

வலிமை வேறுபட்ட இருவர் மோதும்போது வலியவரே வெல்வார் என எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பை எண்ணால் அளப்பதே தரப்புள்ளி முறை. அர்பாட் எலோ என்னும் இயற்பியல் பேராசிரியர் வகுத்த இம்முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப் புள்ளி. தரப்புள்ளியில் 200 மிகுந்தவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் ஈட்டுவார் என்கிறது இக்கணக்கு. எஞ்சிய 24 புள்ளிகள் எளியவருக்கு உரியவை. அவை எவ்வாறு கிடைக்கின்றன என்பதற்கு இவ்வாட்டம் விடை கூறுகிறது.

பதினோராவது நகர்வில் பைர்ன் சிறு பிழை செய்தார். கோட்டை கட்டி அரசனைக் காக்காமல், முன்பே வெளிவந்திருந்த மந்திரியை மீண்டும் நகர்த்தினார். அரசன் நடுக்களத்தில் நின்றான். ஃபிஷர் உடனே குதிரையை வெட்டுக்குக் கொடுத்துத் தாக்குதலைத் தொடங்கினார். பதினேழாவது நகர்வில் அவருடைய அரசி வெட்டுப்படும் நிலையில் இருந்தாள். அவர் அரசியைக் காக்கவில்லை. தம் மந்திரியை முன்னிறுத்தினார். அம்மந்திரியை வெட்டினால் வெள்ளை அரசன் இறுதி முற்றுகையில் வீழ்வான். ஆகவே பைர்ன் அரசியை வெட்டினார். அதன்பின் ஃபிஷரின் மந்திரியும் குதிரையும் இணைந்து முற்றுகைக்கு மேல் முற்றுகை இட்டன. இழந்த அரசிக்கு ஈடாக ஒரு யானை, இரு மந்திரிகள், ஒரு சிப்பாய் ஆகியவை அவர் வசமாயின. தோல்வி உறுதியான பின்னும் பைர்ன் விலகவில்லை. 41ஆவது நகர்வில் இறுதி முற்றுகை நிகழும்வரை ஆடினார். இதனை ‘நூற்றாண்டின் ஆட்டம்’ எனச் சதுரங்க எழுத்தாளர் ஹான்ஸ் க்மோக் போற்றினார்.

எனினும் அப்போட்டியின் 11 ஆட்டங்களில் ஃபிஷர் பெற்றவை நாலரைப் புள்ளிகளே. ஒரு வெற்றியால் அவர் பிறரினும் வலியவராகிவிடவில்லை. உலகப் பட்டம் பெற 1972 வரை உழைக்க வேண்டியிருந்தது. தரப்புள்ளி என்பது முன்பு ஆடிய ஆட்டங்களின் கணக்கு. பலகையிலோ அன்றைய காய்களின் நிலை மட்டுமே உண்டு. எதிரில் இருப்பவரின் பெயரைக் கண்டு அஞ்சாமல் அந்நிலையை ஆராய்பவருக்கே அந்த 24 புள்ளிகள் வாய்க்கின்றன.